செட்டிநாடு ஸ்டேஷனை மேஜைக்குக் கொண்டுவருவது: செம்மண் எதுவரை ஏறும், துரு எங்கே பிடிக்கும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டு மாடி அறையில் 8-க்கு 4 அடி மேஜை போட்டிருக்கிறார் ஒரு தம்பி. மீட்டர் கேஜ் காலத்துச் செட்டிநாடு ஸ்டேஷனை அதில் செய்ய வேண்டும் என்று ஆசை. கையில் ஒரு கறுப்பு நீராவி எஞ்சின், நாலு மூடிய வேகன். ஓடித் தேய்ந்த வண்டியாகத் தெரியட்டும் என்று பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து எல்லாவற்றின் மேலும் பூசியிருக்கிறார். “பழைய வண்டி மாதிரி வரலை அண்ணே, சேத்துல முக்கி எடுத்த பொம்மை மாதிரி இருக்கு. எங்க தப்புப் பண்ணுனேன்? எந்த ஸ்கேல்ல போறது, சாமானெல்லாம் காரைக்குடியிலேயே கிடைக்குமா, ஏர்பிரஷ் வாங்கியே ஆகணுமா?” என்று கேட்கிறார்.

தம்பி, கை வேலையில் தப்பில்லை. அழுக்கின் நிறத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், அது இருக்கும் இடத்தைப் பார்க்கவில்லை. ஓடும் வண்டியில் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. தண்ணீர் எந்த வழியாக இறங்கியது, புகை எந்தப் பக்கம் சாய்ந்தது, எந்தக் கம்பியைக் கை பிடித்தது, எந்தப் படியைக் கால் மிதித்தது, வெயில் எந்தத் தகட்டில் நாள் முழுக்க விழுந்தது என்று ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரியாமல் ஒரு கறைகூட வைக்காதீர்கள். நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டதில் இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

மழை விட்ட மறுநாள் காலையில் உங்கள் வீட்டு வெளிச்சுவரைப் போய்ப் பாருங்கள். வெள்ளைச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். தரையை ஒட்டிய இடம் நல்ல அடர் சிவப்பு, மேலே போகப் போக வெறும் புள்ளிகள், அதற்கும் மேலே ஒன்றுமில்லை. கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் தெறிப்பு இன்னும் உயரமாகப் போயிருக்கும். ஜன்னல் கம்பி சுவரில் நுழையும் இடத்திலிருந்து ஒரு பழுப்புக் கோடு நேராகக் கீழே இறங்கி, இறங்க இறங்க மெலிந்து மறைந்திருக்கும். நீங்கள் செய்யப்போகும் வேலை மொத்தமும் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. முழங்கால் உயரம் என்பது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். உங்கள் எஞ்சின் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு, எனவே 87-ஆல் வகுத்தால் 6 மி.மீ.கூட வராது. உங்கள் ஸ்டேஷன் கட்டடச் சுவரில் செம்மண் அந்த 6 மி.மீ.க்குள் நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டினால் பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் நம்பாது.

ஸ்கேல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் அனுப்பிய அளவைப் பார்த்தால் உங்கள் எஞ்சின் எச்.ஓ., அதாவது 1:87, ஓடுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில். அந்த 16.5 வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜான 1435 மி.மீ.யைக் குறிக்கும். நம் அகலப்பாதை 1676 மி.மீ., அதே ஸ்கேலில் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. நம் மீட்டர் கேஜ் 1000 மி.மீ., அது பதினொன்றரை. ஆக உங்களிடம் இருப்பது இரண்டுமே இல்லை. செட்டிநாடு வழியே போகும் பாதையைத் தென்னிந்திய ரயில்வே 1930-இல் திறந்தது. அதில் அன்று போட்டது மீட்டர் கேஜ். 2000-களின் பிற்பகுதியில் அகலப்பாதையாக மாற்றும்வரை அப்படியே இருந்தது. பெரிய உடம்பு குறுகிய பாதையில் லேசாக ஆடி வரும் அந்த அழகு வேண்டுமென்றால் பாதையின் அகலம் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 1:87-லேயே நின்று 12 மி.மீ. தண்டவாளத்துக்கு மாறுவது. எச்.ஓ.எம். என்ற பெயரில் இங்கிலாந்தின் பீகோ கம்பெனி இந்தத் தண்டவாளத்தை விற்கிறது. வித்தியாசம் அரை மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, கையில் இருக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தையும் சக்கரங்களையும் வைத்துக்கொண்டு உடம்பைப் பெரிதாக, 1:64-இல் கட்டுவது. அந்த ஸ்கேலில் மீட்டர் கேஜ் பதினைந்தரை மி.மீ. வரும், ஒட்டிப்போகும். மோட்டார் கிடைப்பது சுலபம், கை வேலைக்கும் பெரிய அளவு வசதி. ஆனால் மீட்டர் கேஜில் பயணிகள் வண்டி இழுத்த ஒய்.பி. நீராவி எஞ்சின், பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்துச் சுமார் 19 மீட்டர். 1:87-இல் அது 22 சென்டிமீட்டர், 1:64-இல் 30. உங்கள் மேஜையின் 4 அடி அகலத்தில் 30 சென்டிமீட்டர் எஞ்சினுக்கு நிம்மதியாகத் திரும்ப இடம் போதாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 12 மி.மீ. பாதைக்குப் போவேன். மீட்டர் கேஜ் பெட்டி ஒன்று 19 மீட்டருக்குக் கொஞ்சம் கூட, எனவே மூன்று பெட்டியும் எஞ்சினும் சேர்ந்து மூன்றடிக்குள் அடங்கும். பிளாட்பாரத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். 200 மீட்டர் பிளாட்பாரத்தை அப்படியே செய்தால் ஏழரை அடி, மேஜை அதோடு முடிந்துவிடும்.

இப்போது இருக்கும் எஞ்சினைத் தூக்கிப் போட வேண்டாம். கை பழகுவதற்கு அதைவிட நல்லது கிடைக்காது. மேலே பூசியதை ஐசோபிரைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் அக்ரிலிக் கரைந்து வந்துவிடும். அடியில் இருக்கும் கம்பெனிப் பெயிண்ட்டும் சில மாடலில் கரையும், அதனால் முதலில் அடிப்பக்கம் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள்.

ஒரு வேகனை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறேன். நாலையும் ஒன்றாகத் தொடாதீர்கள்.

வேகனின் பழைய பெயிண்ட்டை எடுத்துக் கழுவிக் காயவைத்து, மெல்லிய பிரைமர் ஒரு கோட். அதன்மேல் துருவின் நிறம். துரு என்றதும் எல்லோரும் ஆரஞ்சுக்குப் போகிறார்கள். புதுத் துருதான் ஆரஞ்சு. நாள்பட்ட துரு கரும்பழுப்பு, கிட்டத்தட்ட வறுத்த காப்பிக்கொட்டை நிறம். எனவே அடியில் கரும்பழுப்பு, அதில் அங்கங்கே ஸ்பாஞ்ச் துண்டால் தொட்டுத் தொட்டுக் கொஞ்சம் சிவப்புப் பழுப்பு. ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

அடுத்த நாள் நம் வீட்டு உப்புதான் வேலை செய்யப்போகிறது. கல்லுப்பைக் காகிதத்தில் மடித்துச் சப்பாத்திக் கட்டையால் ஒருமுறை உருட்டினால் பெரிய துகள், சின்னத் துகள், பொடி என்று மூன்றும் கலந்து வரும். எந்த இடத்தில் துரு வேண்டுமோ அங்கே மட்டும் தண்ணீரைப் பிரஷால் தொட்டு ஈரமாக்கி உப்பைத் தூவுங்கள். எங்கே? இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். தண்ணீர் ஓடிப்போகிற இடத்தில் மெதுவாகத்தான் பிடிக்கும், தங்குகிற இடத்தில்தான் தின்னும். கதவு சறுக்கும் தண்டின் மேல்விளிம்பு, தகடும் தகடும் சேரும் மடிப்பு, ஆணி வரிசையின் அடி, பக்கத் தகட்டின் கீழ் ஓரம், இவ்வளவுதான். பக்கத் தகட்டின் நடுவில் காரணமில்லாமல் ஒரு துருத் திட்டு வைக்காதீர்கள். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட்டை உள்ளிருந்து தள்ளிப் பொருக்காகப் பெயர்த்துவிடுகிறது. நாம் உப்பால் காட்டுவது அந்தப் பொருக்கைத்தான்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்குடி சிக்ரி ஞாபகம் வரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். இரும்பு எப்படி அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே பெரிய துறை. கடற்காற்றில் உலோகம் படும் பாட்டைப் பார்க்க மண்டபத்தில் தனியாக ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் துருவுக்கு இவ்வளவு மரியாதை இருக்கும்போது, மாதிரி வண்டியில் அதை அலட்சியமாக வைக்க எனக்கு மனசு வராது.

சரி, வேகனுக்கு வருவோம். உப்பு காய்ந்து ஒட்டியதும் மேலே வேகனின் ரெட் ஆக்சைடு நிறத்தைத் தெளியுங்கள். காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லையென்றால் ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே டப்பா போதும். ஆனால் அது லாக்கர் வகை. ஒரே இடத்தில் நனையும்படி அடித்தால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஒரு அடி தள்ளிப் பிடித்து, தூசி படிவது போல இரண்டு மூன்று தடவை. பிரஷால் மட்டும் பூசாதீர்கள், உப்பு இழுபட்டுவிடும். நன்றாகக் காய்ந்தபின் பழைய பல் துலக்கும் பிரஷைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள். உப்பு இருந்த இடமெல்லாம் பெயர்ந்து, ஓரம் கிழிந்த பொருக்குப் போல அடித் துரு வெளியே தெரியும். முதல் தடவை அது திறந்துகொள்வதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை நீங்களே அனுபவியுங்கள்.

அதன் பிறகு வேகனைக் குழாயடியில் நன்றாகக் கழுவ வேண்டும். உப்பு எங்காவது தங்கினால் ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்துக்கொண்டு வெள்ளையாகப் பூத்து வரும்.

எழுத்து ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட். காலம் எது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். தெற்கு ரயில்வே 1951-இல் உருவானது. அதற்கு முந்திய காலம் என்றால் தென்னிந்திய ரயில்வேயின் எழுத்து. ஒய்.பி. எஞ்சின்களே 1949-இலிருந்துதான் வந்தன, எனவே நீங்கள் ஐம்பது முதல் எண்பதுகள்வரை எதையும் எடுக்கலாம். வேகனின் பக்கத்தில் பி.ஓ.எச்., அதாவது குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்யும் முழுப் பழுதுபார்ப்பின் தேதி எழுதிய சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்து எழுதுவார்கள். சுற்றிலும் வெளுத்த வேகனில் அந்த ஒரு கட்டம் மட்டும் அடர்நிறமாக, எழுத்து பளிச்சென்று இருக்கும். இந்த ஒன்றைச் செய்தால் போதும், ரயில்வேக்காரர் யார் வந்தாலும் நேரே அங்கேதான் விரலை வைப்பார்.

அடுத்து மழைத்தண்ணீர் இறங்கிய கோடுகள். ஓவியர்கள் வாங்கும் எண்ணெய் வண்ணத்தில் பர்ன்ட் அம்பர் ஒரு கடுகளவு, டர்பெண்டைன் பத்துச் சொட்டு. நுனிப் பிரஷால் மடிப்பிலும் ஆணி அடியிலும் மட்டும் தொட்டால் அதுவே ஓடிப்போய் நிற்கும். கால் மணி நேரம் விட்டு, தட்டைப் பிரஷை டர்பெண்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றி, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் மேலிருந்து கீழே இழுங்கள். மேலிருந்து கீழே மட்டும். ஒரு கோடு குறுக்கே போனால் மழை பக்கவாட்டில் பெய்ததாகிவிடும். அடியில் காய்ந்த லாக்கரோ அக்ரிலிக்கோ, மேலே எண்ணெய் என்பதால் டர்பெண்டைன் அடிப் பெயிண்ட்டைத் தொடாது. பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம்.

பூசிய வேகனைப் பவுடரால் முடிக்க வேண்டும். இதற்கு வெளிநாட்டு டப்பாக்களுக்குக் காசு கொட்டாதீர்கள். மாக்கோலத்துக்குக் கரை கட்டும் காவிப் பொடி மளிகைக் கடையில் கிடைக்கிறதே, அது இரும்பின் ஆக்சைடு; துருவும் அதேதான். கரித்தூள் வீட்டிலேயே இருக்கும், மல் துணியில் சலித்தால் போதும். விளக்கு மையைப் பயன்படுத்தாதீர்கள், அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் பட்டையாக அப்பிக்கொள்ளும். வெளுப்புக்குச் சாக்பீஸ்.

செம்மண்ணுக்குச் செம்மண்தான். ஸ்டேஷன் பக்கத்திலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து வாருங்கள், அந்த ஊர் மண்ணே அந்த மாதிரியில் இருக்கட்டும். வாணலியில் சின்னத் தீயில் வறுத்தால் ஈரம், பூச்சி, பூஞ்சை எல்லாம் போகும். ஆறியதும் டீ வடிகட்டி, அதன்பின் பழைய வேஷ்டித் துணி என்று இரண்டு தடவை சலித்து வையுங்கள். அப்புறம் ஒரு வேலை இருக்கிறது, இதை மட்டும் மறக்கவே கூடாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி அந்தப் பொடிக்குள் நாலைந்து தடவை துழாவுங்கள். நம் செம்புறாங்கல் மண்ணில் இரும்பு அதிகம், மயிர் மயிராகக் காந்தத்தில் ஒட்டி வரும். அதை எடுக்காமல் பாதையோரம் தூவினால் ஓடுகிற எஞ்சினின் மோட்டார் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்கு ஒரு நல்ல மோட்டார் இப்படித்தான் போனது. இரண்டு மாதம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒருநாள் உறுமி நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு மை பூசியது போல இருந்தது.

இன்னொன்று, மண் பசை பட்டதும் கருத்துவிடும், காய்ந்தாலும் பழைய நிறம் முழுக்கத் திரும்பாது. நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சாக்பீஸ் தூள் கலந்தால் காய்ந்தபின் சரியாக இருக்கும். பொதுவாகவே எந்த நிறத்தையும் நிஜத்தைவிட ஒரு படி வெளுப்பாக வையுங்கள். மேஜையில் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பது, நிஜத்தில் 170 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் எதுவும் அடர்த்தியாகத் தெரியாது.

வேகனில் பவுடர் எங்கே? அடிச்சட்டத்திலும் சக்கரப் பக்கத்திலும் காவியும் கரியும் கலந்த பழுப்பு. அது மண் இல்லை. அந்தக் கால பிரேக் கட்டைகள் வார்ப்பிரும்பு, ஒவ்வொரு பிரேக்குக்கும் இரும்புத் தூள் பறக்கும், அது படிந்து துருவாகும். அதற்கு மேல், பக்கத் தகட்டின் கீழ்ப் பகுதியில் லேசாகச் செம்மண். கூரையில் சாக்பீஸும் கரியும்: வெயிலில் வெளுத்ததற்கு ஒன்று, எஞ்சின் புகைக்கு ஒன்று. கதவுக் கைப்பிடியைச் சுற்றி ஒன்றும் வேண்டாம். அங்கே கை பட்டுப் பட்டு அழுக்கு தங்காது. மென்மையான பென்சிலின் முனையை அந்தக் கைப்பிடியில் ஒருமுறை தேய்த்தால் தேய்ந்த இரும்பாக மின்னும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பில் மட்டும் எதுவும் படக்கூடாது, பட்டால் கரண்ட் வராது.

எஞ்சினுக்கும் இதே முறைதான், காரணங்கள்தான் வேறு. தூய கறுப்பு என்று ஒன்று ஓடும் எஞ்சினில் கிடையாது. கறுப்பில் கொஞ்சம் வெள்ளையும் ஒரு துளி பழுப்பும் சேர்த்துத் தொடங்குங்கள். முன்னால் இருக்கும் புகைப்பெட்டி சூட்டில் வெந்து சாம்பல் படிந்த கறுப்பு, பளபளப்பே இருக்கக் கூடாது. பாய்லர் அதைவிடக் கொஞ்சம் நீலம் கலந்த கறுப்பு. பாய்லர் பக்கவாட்டில் கழுவும் துளை மூடிகள் இருக்குமே, அவற்றிலிருந்து வெள்ளைக் கோடு இறங்கும். உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் நம் வீட்டுப் பாத்திரத்தில் அடியில் படியும் அதே சுண்ணாம்புக் கறை. உங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவைப் பார்த்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேஃப்டி வால்வைச் சுற்றியும் அதேதான். டெண்டரின் உள்ளே நிலக்கரித் தூள், விளிம்பில் தண்ணீர் வழிந்த துரு. சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் எண்ணெய்: கரும்பழுப்பில் கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ் கலந்து மூட்டுகளில் மட்டும். மொத்த எஞ்சினும் மங்கலாக இருக்க, அந்த மூட்டு மட்டும் ஈரமாக மின்னினால் இப்போதுதான் யாரோ எண்ணெய்க் குப்பியோடு இறங்கிப் போனது போல இருக்கும். கேபின் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் பென்சில் ஈயம்.

ஒய்.பி.யின் ஓட்டுச் சக்கரம் 1372 மி.மீ., சரக்கு இழுத்த ஒய்.ஜி.யின் சக்கரம் 1219. 1:87-இல் ஒன்று 16 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, மற்றது 14. சக்கரங்களும் மோட்டாரும் உள்ள அடிப்பாகமான சேஸிஸைத் தேடும்போது இந்த அளவை வைத்துத் தேடுங்கள்; ஆறு ஓட்டுச் சக்கரம் என்றால் ஒய்.பி., எட்டு என்றால் ஒய்.ஜி. பிறகு டீசல் வேண்டும் என்று தோன்றினால் ஒய்.டி.எம்.4 செய்யலாம். திருச்சி பொன்மலை ஷெட் வண்டிகள் நம் பக்கம் நிறைய ஓடின. அது அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைத்த எஞ்சின், வேகமெடுக்கும்போது கரும்புகை தள்ளும், எனவே கூரையில் புகைபோக்கியைச் சுற்றி கரி. ஹூட் கதவுகளின் கீழே எண்ணெய் வழிந்த கறை, டீசல் ஊற்றும் வாய்க்கு அடியில் ஈரக் கறுப்பு. நடைபாதைத் தகட்டில் செம்மண் காலடி.

இதெல்லாம் முடிந்ததும் மேட் வார்னிஷ். இங்கே என் அனுபவம் ஒன்று. ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் மழை விட்ட சாயங்காலம், அவசரப்பட்டு ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தேன். பத்து நிமிஷத்தில் எஞ்சின் முழுக்கப் பனி மூடியது போல வெளுத்துவிட்டது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் லாக்கர் காயும் வேகத்தில் குளிர்ந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நாலு மாத வேலை. வெயில் காலம்வரை காத்திருந்து, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் மெல்லியதாக ஒரு கோட் அடித்ததில் வெளுப்பு பெரும்பாலும் மறைந்தது. பாய்லர் பக்கம் மட்டும் மறுபடி செய்தேன். தையிலிருந்து ஆவணிவரை, காலை பத்து மணிக்கு மேல், வெயில் அடிக்கும் நாளில் மட்டும் வார்னிஷ். உங்கள் வீட்டு முற்றத்தைவிட நல்ல இடம் எங்கும் அமையாது: மேலே திறந்த வானம், நாலு பக்கமும் வளவு, காற்று அடித்துத் தூசி கொண்டுவராது, வாடையும் மேலே போய்விடும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, மேட் வார்னிஷ் பவுடரை விழுங்கும், பாதி மறைந்துபோகும். எனவே பவுடரைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வார்னிஷ் அடித்து, காய்ந்தபின் கடைசியாகப் பவுடரையே இன்னொரு பூச்சு போட்டு, மேலே வார்னிஷ் இல்லாமல் அப்படியே விட்டுவிடுங்கள். கையில் எடுக்கும்போது அடியைப் பிடித்து எடுங்கள்.

லேஅவுட்டைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பலகைக்குத் தண்ணீர் தாங்கும் பிளைவுட் வாங்குங்கள். கால்கள் தரையைத் தொடும் இடத்தில் கரையான் மருந்து கட்டாயம். தண்டவாள மூட்டில் ஒரு மெல்லிய அட்டை அளவு இடைவெளி விடுங்கள். மாடி அறையில் சித்திரை வெயிலுக்குத் தண்டவாளம் நீண்டு வளைந்துவிடும். ஸ்லீப்பரை எல்லா இடத்திலும் ஒரே மரக்கட்டையாக வைக்காதீர்கள். நம் மீட்டர் கேஜ் பாதைகளில் இரும்புத் தொட்டி ஸ்லீப்பரும், இரண்டு வார்ப்பிரும்புத் தட்டை ஒரு பட்டையால் இணைத்த சி.எஸ்.டி.9 வகையும் நிறைய இருந்தன. மெயின் லைனில் ஒரு வகை, சரக்கு லைனில் இன்னொரு வகை என்று வைத்தால் பாதைக்கே வயது வந்துவிடும்.

ஜல்லிக்குக் கிரஷர் தூசி. நிஜ ஜல்லி 50 மி.மீ. என்றால் நமக்கு 0.6 மி.மீ., டீ வடிகட்டியில் நிற்காமல் போய் மல் துணியில் நிற்பதுதான் சரியான அளவு. இதிலும் காந்தம் விட்டுத் துழாவுங்கள். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, மருந்து ட்ராப்பரால் விடுங்கள். சோப்பு இல்லையென்றால் பசை உருண்டையாக நின்று ஜல்லியை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் எண்ணெய்க் கறுப்பு. மெயின் லைனிலிருந்து பிரிந்து போகும் லூப் லைனின் கடைசியில் ஜல்லியே தெரியாமல் செம்மண்ணும் புல்லும். காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நாரைவிட நல்லது ஒன்றும் இல்லை. கால் அங்குலமாக வெட்டிக் கொத்தாகப் பசையில் நடுங்கள், நிறமே பங்குனி மாதத்து நிறம்.

மரங்களில் பனை ஒன்றுதான் கஷ்டம். 20 மீட்டர் பனை 23 சென்டிமீட்டர் வரும், கம்பியில் டிஷ்யூ சுற்றி, வளையங்களை நகத்தால் கீறுங்கள். காய்ந்த துளசிக் கதிர்கள் சீமைக் கருவேலத்துக்குப் பொருந்தும். ஊருணி வேண்டுமென்றால் எபாக்சி ரெசினை 3 மி.மீ.க்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள், சூடேறி விரிசல் விடும். தண்ணீர் செம்மண் கலந்த பால் நிறத்தில் இருக்கட்டும், நீலம் வேண்டாம்.

செட்டிநாட்டு வீடு ஒன்றாவது வைக்க ஆசைப்படுவீர்கள். முழு வீடாகச் செய்யாதீர்கள். தெருவுக்குத் தெரு நீளும் வீடு ஒன்று 40 மீட்டர் என்று வைத்தாலும் மேஜையில் ஒன்றரை அடி. முகப்பை மட்டும் இரண்டு அங்குல ஆழத்தில் செய்து பின்பலகையை ஒட்டி நிறுத்துங்கள். சுவர் பளபளப்பு நம் வீடுகளின் பெருமை, அதை மேட் வார்னிஷ் போட்டுக் கெடுக்காதீர்கள். செமி கிளாஸ் போதும். காரை பெயர்ந்த இடத்தில் அடியில் செங்கல் நிறம் தெரியட்டும், அதுவும் மழைத்தண்ணீர் இறங்கும் மூலையில் மட்டும்.

ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். நாலு வேகனையும் ஸ்ப்ரே டப்பா, பிரஷ், பவுடர் வைத்தே முடியுங்கள். எஞ்சினுக்கு வரும்போது வாங்கலாம். வாங்கினால் டேங்க் உள்ள கம்ப்ரஸராகப் பாருங்கள், 15 முதல் 20 பி.எஸ்.ஐ.யில் பால் பதத்துக்குக் கரைத்த பெயிண்ட்.

நாலு வேகனையும் ஒரே மாதிரி பழசாக்காதீர்கள். ஒன்று பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேற்று வந்ததாக இருக்கட்டும்: முழுக்கப் புது ரெட் ஆக்சைடு, வெள்ளை எழுத்து கூர்மையாக, சக்கரப் பக்கம் மட்டும் இரண்டு நாள் பிரேக் தூசி. இரண்டு வேகன் நடுவயது. நாலாவது, கதவின் கீழ் ஓரம் துருவில் பொத்தலாகி, பி.ஓ.எச். கட்டம்கூட வெளுத்துப்போனது. அதை லூப் லைனின் கடைசியில், புல்லுக்கு நடுவில் நிறுத்துங்கள். புது வேகனை அதற்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எஞ்சின் வேலைக்குப் போகலாம்.